ருசிக்குப் பத்து மார்க்

என் புருஷன் தங்கவேல் என்னை அறைந்தபோது என் கையில் இரண்டு கிலோ மாட்டுக்கறி இருந்தது. பையைக் கீழே போடவில்லை. அறை வாங்குவது எனக்குப் புதிதல்ல, கறிதான் புதிது. கொரட்டூரில் அந்த மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்து மூன்று வருடத்தில் நான் அதை வாங்கியதே இல்லை.

வீட்டுக்காரர் ஜம்புலிங்கம் ஏரிக்கரைப் பக்கம் நிலம் வைத்திருந்த பழைய குடும்பத்துக்காரர். எங்கள் ஆட்களுக்கு வீடு கொடுக்க மாட்டார். தங்கவேல் சாதியை மாற்றிச் சொல்லித்தான் சாவி வாங்கினான்.

“இன்னாடி இது? நம்மள தெருவுல நிக்க வைக்கப் போறியா?”

“பரீட்சைக்குய்யா. ஆட்டுக்கறின்னு சொல்லிக்கிறேன். எவனுக்குத் தெரியும்?”

அடுத்த அறை காதோடு விழுந்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் அத்தோடு விட்டுப் போனான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். மிஷினிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் எட்டு வருடமாக என்னிடம்தான் காட்டுகிறான்.

அது எண்பத்தெட்டாம் வருடம். உணவுப் பொருளைக் கெடாமல் பதப்படுத்துவது எப்படி என்று அம்பத்தூரில் பெண்களுக்கு ஆறு வாரப் பயிற்சி. காலையில் பாடம், மதியம் செய்முறை. தேறியவர்களைத் திருமழிசையில் ஓர் ஊறுகாய்க் கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்ளும் என்றார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். சம்பளம் வந்தால் தனியாக ஓர் அறை எடுத்துப் போய்விடலாம், அடி வாங்காமல் தூங்கலாம். அதற்கு மேல் எந்த ஆசையும் எனக்கு அப்போது இல்லை.

டீச்சர் தாட்சாயிணி போர்டில் எழுதிப் போடுவார். ஈரம் இருந்தால் கிருமி வரும். உப்பு ஈரத்தை வெளியே இழுக்கும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். கடைசிப் பரீட்சைக்கு அவரவர் வீட்டு வழக்கப்படி ஏதாவது ஒன்றைப் பதப்படுத்திப் பத்தாம் நாள் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் மாவடு, நார்த்தங்காய் என்று பெயர் கொடுத்தார்கள். நான் வகுப்பில் போட்ட எலுமிச்சை ஊறுகாய் இரண்டு முறையும் பூஞ்சை பிடித்துப்போனது. எங்கள் அம்மா வீட்டில் ஊறுகாய் போட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கைவந்தது உப்புக்கண்டம் ஒன்றுதான்.

கறியை விரல் கனத்துக்கு நீளநீளமாக அறுத்தேன். உப்பு, மஞ்சள், அரைத்த மிளகாய் பூசி ஊறவைத்தேன். மறுநாள் கோணி ஊசியால் கயிற்றில் கோத்து மொட்டைமாடியில் கட்டினேன். ஏழாம் நாள் வீட்டுக்காரர் மனைவி வசந்தா துணி காயப்போட மேலே வந்தாள்.

“இன்னா சொர்ணம், கண்டமா? ஆடா?”

“ஆமாக்கா.”

“ரெண்டு துண்டு குடேன். அவருக்கு ரொம்பப் புடிக்கும்.”

கொடுக்காவிட்டால் சந்தேகம் வரும். கொடுத்தேன்.

பத்தாம் நாள் காலை தங்கவேல் வேலைக்கு இறங்கினான். வாசலில் ஜம்புலிங்கம் அவனிடம் சொன்னது மேலே எனக்கே கேட்டது.

“தங்கவேலு, உன் ஊட்டுக்காரி குட்த்த கண்டம் சோக்கா கீதுபா. இன்னும் ரெண்டு குடுக்கச் சொல்லு.”

திரும்பி வந்த வேகத்தில் இடுப்பில் உதைத்தான். நான் கண்டத்தைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தேன். பாட்டிலை வயிற்றோடு அணைத்துச் சுருண்டுகொண்டேன். முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். உதடு கிழிந்தது. விரலை மிதித்தான். கிடைத்த கெண்டைக்காலைக் கடித்தேன், ரத்தம் வரும்வரை விடவில்லை. பிறகு அம்மிக் குழவியைத் தூக்கி அவன் முட்டியில் போட்டேன். அவன் போட்ட கத்தலில் ஜம்புலிங்கம் ஓடிவந்தார்.

“இன்னாத்துக்குய்யா பொம்பளயப் போட்டு இப்டி அடிக்கிற?”

வலியில் தங்கவேலுக்குக் கண் மண் தெரியவில்லை.

“நீ துன்னது மாட்டுக்கறிய்யா! இவ உனக்குக் குட்த்தது மாடு!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. படிக்கட்டில் நின்ற வசந்தா வாயில் விரலை விட்டு ஓங்கரித்தாள். ஜம்புலிங்கம் மூலையில் கிடந்த விறகுக்கட்டையை எடுத்தார்.

“சாதிய மறைச்சா என் ஊட்டுக்குள்ள பூந்த?”

படிக்குப் படி அடித்தே அவனைத் தெருவுக்கு இறக்கினார். மண்டை உடைந்தது. “சொர்ணம், சொர்ணம்” என்று கத்தினான். எனக்கு இரக்கம் வரவில்லை, இன்னும் இரண்டு விழட்டும் என்றுதான் இருந்தது. அந்த அடி எனக்கும் சேர்த்து விழுந்த அடி என்று புரியப் பல நாள் ஆனது. பாட்டிலோடு ரயில் ஸ்டேஷனுக்கு ஓடினேன். எங்கள் பாத்திரங்கள் தெருவில் வந்து விழும் சத்தம் முனை திரும்பும்வரை கேட்டது.

வகுப்பில் ஸ்டவ் பற்றவைத்து இரண்டு துண்டு வறுத்துத் தட்டில் வைத்தேன்.

“முகத்துல என்னம்மா?” என்றார் தாட்சாயிணி.

“வுழுந்துட்டேன் டீச்சர்.”

பாட்டிலிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பார்த்தார். “நல்லா காஞ்சிருக்கு. என்ன கறி?”

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அதற்கு மேல் ஒரு பொய்க்கு என் உடம்பில் தெம்பில்லை.

“மாடு.”

துண்டை வைத்துவிட்டு விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். “மத்ததுக்கெல்லாம் சேத்து நாப்பத்தாறு போட்டிருக்கேன். ருசிக்குப் பத்து மார்க், அதை என்னால போட முடியாது. நாங்க சாப்பிடறதில்ல.”

தேற ஐம்பது வேண்டும்.

“மாவடுவ மட்டும் துன்னு பாத்தீங்களே?”

“அது வேறம்மா” என்று அடுத்த பாட்டிலுக்குக் கையை நீட்டினார்.

அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். கண்ணாடி வளையல் ஒன்று என் பிடியில் நொறுங்கியது. இன்னொரு கையால் வறுத்த துண்டை எடுத்து அவர் உதட்டில் வைத்து அழுத்தினேன்.

“துன்னு பாத்துட்டு எழுது!”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று தேடுகிற பார்வை. எட்டு வருடமாகத் தங்கவேலின் கையை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பிடி தானாகவே விட்டது.

தப்புதான் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் பேனாவை எடுத்தார், ருசிக்கு நேராகப் பத்து என்று எழுதினார், மறுபடி என் கையைப் பார்த்தார்.

“போதுமா?”

ஐம்பத்தாறு. உடம்பெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அடித்து வாங்கிய அந்தப் பத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.