நாற்பத்து மூன்றில் பதினேழு

டி.சி. புத்தகத்தை பீரோவிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாள் கன்னிகா டீச்சர். முரளிக்குச் சொன்ன ஒரு மாதம் இன்றோடு முடிகிறது. கேட்டால் எழுதிக் கொடுத்துத்தானே ஆகவேண்டும்!

எல்லாம் அந்தக் கோரைப் பாயால் வந்த வினை. சித்தூர்ப் பயிற்சியில் சொன்னார்கள்: கணக்கு நேரத்தில் எந்த வகுப்பு என்று பார்க்காதீர்கள், பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறதோ அங்கே உட்கார வையுங்கள். பாலசமுத்திரம் திரும்பியதும் அப்படியே செய்தாள். மூன்றாம் வகுப்பு ரோஜா, ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளோடு பாயில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், மறுநாளே கரும்பு வெட்டிய கையோடு அவள் அப்பன் முரளி வந்து நின்றான்.

"மூணாவது படிக்கிற புள்ளைய வாண்டுங்களோட உக்கார வெச்சிக்கினு என்னா கூத்து டீச்சரம்மா இது? ஊரே சிரிக்குது. டி.சி. குடுங்க, வேற ஸ்கூல்ல சேத்துக்குறேன்."

"ஒரே மாசம் பொறு முரளி. அப்பவும் கணக்கு வரலைன்னா நானே எழுதித் தர்றேன்."

வாய் சும்மா இருந்தால்தானே! அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ரோஜாவின் நோட்டில் இரண்டு வருஷமாக ஒரே தப்பு. நாற்பத்து மூன்றில் பதினேழு போனால் முப்பத்து நாலு என்று போடுவாள். கன்னிகாவும் சலிக்காமல் சிவப்பு மையில் அடித்து, "மண்டையில என்னடி இருக்கு?" என்று குட்டுவாள். எப்படிப் போட்டாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பாயில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் பதில் வந்தது.

"மூணுல ஏழு போவாது டீச்சர். ஏழுல மூணுதான் போவும். அதான் திருப்பிக்கினேன்."

அடியம்மா, எவ்வளவு யோசித்திருக்கிறது இந்தக் குட்டி! இத்தனை நாளாய் மக்கு யார்? கன்னிகாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாய் ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தாள். ரோஜா முதல் வாரம் அதில் வீடு கட்டி விளையாடினாள். அடுத்த வாரம் காய்ச்சல் என்று வரவேயில்லை. நேற்றுகூட ஒரு கணக்கு சரி, ஒரு கணக்கு தப்பு.

முரளி வந்தான். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

கன்னிகா போர்டில் அதே கணக்கை எழுதினாள். ரோஜா நாலு கட்டும் மூன்று உதிரிக் குச்சியும் பாயில் வைத்தாள். ஏழு எடுக்கவேண்டும், கையில் மூன்றுதான். அப்பனைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். திருப்பிப் போட்டுடாதேடி என் தங்கமே என்று கன்னிகா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ரோஜா ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி விரலில் மாட்டிக்கொண்டாள். பத்துக் குச்சியும் பாயில் சிதறின. ஏழு குச்சியை எடுத்தாள், ஒரு முழுக் கட்டையும் எடுத்தாள், மீந்ததை எண்ணினாள்.

"இருவத்தாறு, நைனா."

அப்பாடா! கன்னிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

முரளி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் குந்தினான். சிதறிக் கிடந்த குச்சிகளைத் தொட்டுப் பார்த்தான்.

"கட்ட அவுத்துக்கலாமா டீச்சரம்மா? எனக்கு யாருமே சொல்லலியே. மூணாவதுல நானும் இங்கதான் நின்னுட்டேன். தெனம் அடி துன்ன முடியாம கரும்பு வெட்டப் போய்ட்டேன்."

கன்னிகா டி.சி. புத்தகத்தை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ரோஜா ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் எடுத்து அப்பன் முன்னால் வைத்தாள்.

"அம்பத்திரெண்டுல இருவத்தெட்டு. நீ போடு, நைனா."

முரளி ஒரு கட்டை எடுத்து மெதுவாக ரப்பர் பேண்டைக் கழற்றினான்.

"இரு, சொல்லிடாத," என்றான்.