எடுக்காத காலடி மண்

அபிநயா இருபத்தைந்து லட்சம் ஜெயித்த டிவி வினாடி வினா நிகழ்ச்சியைத் தெருவே கூடி அவள் வீட்டில்தான் பார்த்தது. சென்னையில் படப்பிடிப்பு முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. ஒளிபரப்பாகும்வரை யாரிடமும் சொல்லக்கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்களாம். எதிர்வீட்டு மஞ்சுவிடம்கூட அவள் வாயைத் திறக்கவில்லை. மஞ்சுவுக்கு முதல் முள் அங்கேதான் குத்தியது.

குன்னத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பொது அறிவுப் போட்டி என்றால் மஞ்சு முதல் பரிசு, அபிநயா இரண்டாவது. அது மாறியதே இல்லை. பிளஸ் ஒன் பாதியில் மஞ்சு நின்றுவிட்டாள், வெங்காயத் தாள் அறுக்கப் போனாள். அபிநயா பெரம்பலூருக்கு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனாள். நிகழ்ச்சிக்கு இருவரும்தான் பெயர் கொடுத்தார்கள். அழைப்பு ஒருத்திக்கு வந்தது.

கடைசிக் கேள்வி திரையில் விழுந்தது. சூரியனை ஒருமுறை சுற்றிவர ஆகும் காலத்தைவிட, தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள அதிகக் காலம் எடுக்கும் கோள் எது?

"புதன்" என்றாள் மஞ்சு, எல்லோருக்கும் கேட்கும்படி.

திரையில் இருந்த அபிநயா உதட்டைக் கடித்தாள், கண்ணை மூடினாள், வெள்ளி என்றாள். தொலைந்தாள் என்று மஞ்சுவின் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. இதோ எல்லாம் பழையபடி ஆகிவிடப் போகிறது. அபிநயா வெறுங்கையோடு திரும்பி வருவாள், மறுபடி இரண்டாவதாக. அந்தச் சந்தோஷத்தில் மஞ்சு பாதி முறுக்கைக் கடித்திருந்தபோது, சரியான விடை என்று திரை பச்சையானது.

வீடு அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ராசாங்கம் மாமா திரும்பிப் பார்த்துச் சொன்னார். "நல்லவேளை, நம்ம மஞ்சு போவல. போயிருந்தா பஸ்ஸுக்குக் காசு குடுத்து அனுப்பிருப்பாங்க."

எல்லோருக்கும் முன்னால் மஞ்சுதான் சிரித்தாள்.

அதன் பிறகு ஆளாளுக்கு ஒரு பேச்சு. வரியிலேயே முக்கால்வாசி போய்விடும் என்றது ஒரு வாய். எல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து நடத்துகிற நாடகம் என்றது இன்னொன்று. கீழப்பழுவூரிலிருந்து பேர்கூடத் தெரியாத ஒருவர் போன் போட்டு, தான் அபிநயாவுக்குப் பெரியப்பா முறை என்று ஆரம்பித்தார். மஞ்சு எதிலும் கலந்துகொள்ளவில்லை. அவள் பேச வேண்டியதை ஊரே பேசிக்கொண்டிருந்தது.

மறுநாளே அபிநயாவுக்குக் காய்ச்சல். பெரம்பலூர் டாக்டர் ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. மஞ்சுவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் நெஞ்சின் அந்த ஒரு துள்ளல்தான் அபிநயாவின் உடம்பில் இப்படிச் சுடுகிறதென்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

அபிநயாவின் அம்மா வேம்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருஷ்டி கழிக்கக் கொட்டாங்குச்சியோடு கிளம்பிவிட்டாள். டிவி பார்த்தவர்கள் அத்தனை பேர் காலடி மண்ணும் வேண்டும். தெருவுக்கு சிமெண்ட் போட்டதிலிருந்து அது லேசில் கிடைப்பதில்லை. குழாயடியில் காத்திருந்து, தண்ணீர் பிடித்துத் திரும்புகிறவர்களின் சுவட்டிலிருந்து ஒவ்வொரு சிட்டிகையாக எடுத்தாள். ராசாங்கம் மாமாவுக்காக மாட்டுக்கொட்டகை வரைக்கும் போனாள். மஞ்சு குடத்தோடு வந்தபோது மட்டும் வேம்பு குனியவில்லை.

"என்னுது எடுக்கலையா பெரிம்மா?"

"போடி. நீ அவகூடப் பொறந்தவ மாரி. ஒன் கண்ணா அவ மேல படும்?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட மஞ்சு தாங்கியிருப்பாள். உண்மையைச் சொன்னால் அந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது. சொல்லாவிட்டால், தன் மண் சேராமல் திருஷ்டி எப்படிக் கழியும்? வேம்பு போகட்டும் என்று நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றி ஈரத்தில் அழுத்தி மிதித்தாள். தன் சுவட்டை அப்படியே கைநிறைய அள்ளிக்கொண்டாள். ஒரு சிட்டிகை தனக்குப் போதாதென்று பட்டது.

வேம்பு வீட்டில் அபிநயா பாயில் சுருண்டு கிடந்தாள். "வாடி" என்றாள் ஈனசுரத்தில். கொட்டாங்குச்சியை மஞ்சுவிடம் கொடுத்துவிட்டு வேம்பு அடுப்பை ஊதக் குனிந்தாள். மஞ்சு பாவாடை மடிப்பிலிருந்த மண்ணை அதில் கொட்டி, உப்பையும் மிளகாயையும் மேலே பரப்பினாள்.

"இம்மாம் மண்ணா எடுத்தேன்?" என்று வேம்பு ஒருகணம் உள்ளே பார்த்தாள். பிறகு அதை மகளின் தலையைச் சுற்றி எடுத்தாள். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு என்று முணுமுணுத்தபடி எல்லாவற்றையும் தணலில் போட்டாள்.

நெடி வந்து இருமினால் திருஷ்டி இல்லை, நெடி வராவிட்டால் பட்டிருந்த கண் தணலில் கழிகிறது என்பது கணக்கு. ஈர மண் தணலை மூடிக்கொண்டது. புகை மட்டும் சோம்பலாக எழுந்தது. அபிநயா இருமவில்லை, வேம்பும் இருமவில்லை.

"பாத்தியா, ஒரு கமறல் இல்ல" என்றாள் வேம்பு வெற்றியோடு. "எல்லாம் அந்த ராசாங்கம் கண்ணு."

மஞ்சு, அபிநயாவின் தலைமாட்டில் இருந்த டிவிக்காரர்கள் கொடுத்த வெற்றிக் கோப்பையைப் பார்த்தாள். அதைப் பார்க்க நெஞ்சு இன்னும் எரிந்தது, ஒரு பொட்டுக்கூடக் குறையாமல். ஆனாலும் இந்தக் காய்ச்சல் இறங்கினால் போதும்.

அடியில் கிடந்த மிளகாய் ஒன்று அப்போதுதான் வெடித்தது. அடுப்பருகே நின்ற மஞ்சுவின் தொண்டையில் மட்டும் அது ஏறியது. இருமினால், நெடி வந்துவிட்டதே, திருஷ்டி கழியவில்லையோ என்று பெரிம்மா பயந்து மறுபடி மண்ணெடுக்கக் குழாயடிக்குப் போவாள். மஞ்சு தாவணித் தலைப்பை வாய்க்குள் திணித்து, கண்ணில் நீர் வழிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.