காசியம்மாளின் பெருவிரல்

அருள்மொழி மைப்பெட்டியைத் திறந்ததும் காசியம்மாள் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

"இன்னாத்துக்கு அது?"

"நீங்க பேசினத நான் எழுதுறதுக்கு உங்களுக்குச் சம்மதம்னு ஒரு கைநாட்டும்மா. காலேஜ்ல கேக்குறாங்க."

"பேச்சு பேச்சோட இருக்கட்டும். கை வெக்க மாட்டேன்."

அருள்மொழி பெட்டியை மூடினாள். தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. ஐந்து வருடமாக அவள் ஆராய்ந்துகொண்டிருந்தது சம்மதத்தைப் பற்றித்தான். ஆளப்படுகிறவர்களின் சம்மதம் இல்லாமல் ஆட்சிக்கு உரிமை இல்லை என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் எழுதினார்கள். அந்தச் சொல் சட்டத்தோடு கப்பலேறி இங்கே வந்த பிறகு என்ன ஆனது என்பதுதான் அவள் ஆய்வு. கடைசி அத்தியாயம் கல்வராயன் மலையின் இந்தச் சிற்றூர். பழைய ஆவணக் கட்டு ஒன்றில் 1971ஆம் வருடத்துக் காகிதம் கிடைத்திருந்தது. முப்பத்தெட்டு குடும்பங்கள் 'சுயசம்மதத்துடன்' அடிவாரத்துப் பண்ணைக்கு நிலத்தை விட்டுக்கொடுத்ததாக எழுதி, கீழே முப்பத்தெட்டு கைநாட்டு.

அன்று காசியம்மாளுக்குப் பதின்மூன்று வயது. கைநாட்டு வைக்க மறுத்து அவள் அப்பா காட்டுக்குள் ஓடிவிட்டார். பண்ணை ஆட்கள் ஐந்து பேர் அவளைப் பிடித்து, அப்பா பெயருக்கு நேரே அவள் விரலை அழுத்தினார்கள். இதைத்தான் அவள் ஒரு மணி நேரமாகச் சொல்லியிருந்தாள். அருள்மொழியின் போனில் அது பதிவாகியிருந்தது.

பஸ் மலையிறங்கும்போது ஓர் அழைப்பு.

"மேடம், நான் தனசேகரன். பண்ண வூட்டுப் பேரன். காசியம்மா வூட்ல டீ குடிச்சீங்களாமே?"

அவள் அங்கிருந்து கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"திருக்கோவிலூர்ல செல்போன் கடை வெச்சிருக்காரே சிவசங்கர், அவரு உங்க வூட்டுக்காரர்தானே? நல்ல மனுஷன். பத்திரமா போங்க."

முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

மறுநாள் காலை சிவசங்கரின் கடைக்கு எதிரே ஒருவன் பைக்கில் உட்கார்ந்திருந்தான். பேசவில்லை, எதுவும் வாங்கவில்லை. தொடர்ந்து மூன்று நாள் அப்படியே.

"அந்த ஒரு சாப்டர வுட்டுடேன், அருளு," என்றான் சிவசங்கர். அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நான்காம் நாள் அவளுடைய ஆய்வு நெறியாளருக்கு ஒரு கடிதம் வந்தது. 'நான் எதுவும் சொல்லவில்லை. அந்தம்மா பொய்யாக எழுதிக்கொண்டு போனார்.' கீழே காசியம்மாளின் பெருவிரல் ரேகை.

அருள்மொழி அந்த ரேகையையே பார்த்தாள். கை வைக்க மாட்டேன் என்றவளை என்ன செய்தார்களோ?

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் ஏறினாள். காசியம்மாள் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி இவளைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். கூப்பிடவும் பயந்து, அருள்மொழி ஓட்டமும் நடையுமாகத் தேடினாள். மரவள்ளிக் கொல்லையின் கடைசியில், களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு காசியம்மாள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"கையப் புடிச்சி வெச்சாங்களாம்மா?"

"இல்ல. அப்போ அஞ்சு பேரு புடிச்சாங்க. இப்போ யாரும் புடிக்கல. பேத்தி எந்த பஸ்ல காலேஜுக்குப் போறான்னு சொன்னாங்க, அவ்ளோதான். நானே வெச்சேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதான் வெக்கமா கீது."

அருள்மொழி போனை எடுத்தாள். "நீங்க பேசினத அழிச்சிடறேன். உங்க பேரும் வராது, ஊர் பேரும் வராது."

"உன் படிப்பு?"

"அழிக்கவா வேணாமான்னு நீங்க சொல்லுங்க."

காசியம்மாள் கீழே கிடந்த களைக்கொத்தை எடுத்துக்கொண்டாள். பிறகு, "அழிச்சிடு," என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அருள்மொழி அழித்தாள்.

"அந்தப் பழைய காயிதத்த வெச்சி மட்டும் எழுதட்டுமா?"

"எழுது. அதுல என் வெரலு சின்னதா இருக்கும். நல்லாப் பாரு."

வீட்டுக்கு வந்து அந்த ஆவணத்தின் நகலை விரித்து ரேகைகளை அளந்தாள். முப்பத்தெட்டில் பதினொன்று குழந்தைகளின் விரல். இத்தனை நாள் எழுத்தையே படித்துக்கொண்டிருந்தவள் ரேகைகளைப் பார்க்கவே இல்லை.

யாரும் வந்து கேட்கக்கூடிய வாய்மொழித் தேர்வன்று, வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன், "நான்தான் தனசேகரன், மேடம்," என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். அருள்மொழி எழுந்து முன்னால் போனாள். தண்ணீர் குடித்தாள். பெயர்களை மறைத்து, திரையில் ரேகைகளை மட்டும் பெரிதாக்கிக் காட்டினாள்.

"சாட்சி யாராவது உண்டா?" என்று தேர்வாளர் கேட்டார்.

"இல்லைங்க சார். இந்தப் பதினொரு விரல்தான்."

தனசேகரன் எழுந்திருக்கவில்லை. கடைசிவரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் கைதட்டியபோது அவனும் தட்டினான்.

முனைவர் பட்டம் கிடைத்தது. காசியம்மாளின் பேத்தி கள்ளக்குறிச்சியில் விடுதியில் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டாள். மலைக்கு அருள்மொழி மறுபடி போகவில்லை. தான் போனால் யாருக்குத் தகவல் போகும் என்று அவளுக்குத் தெரியும்.