கார்க்காரம்மாவின் பேட்டரி

தெருவில் அவளுக்குக் கார்க்காரம்மா என்று பெயர். கார் ஓட்டத் தெரிந்தவளுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும். இவளுக்கு ஓட்டத் தெரியாது. கார் மகனுடையது. வெளிநாட்டில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, "வித்துடாதேம்மா, நான் வந்தா ஓட்டணும்" என்று சாவியை அவள் கையில் திணித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வந்தான். வந்தவன் நண்பனின் காரிலேயே சுற்றிவிட்டுத் திரும்பிப் போனான். கொட்டகையில் நிற்கிற தன் காரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

முதலில் கிளம்பும்போதே இரண்டு கட்டளைகள் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட வேண்டும். என்ன ஆனாலும் பேட்டரியை யாரும் வெளியே கழற்றக் கூடாது. கழற்றினால் காரிலிருக்கும் பாட்டுப் பெட்டி பூட்டிக்கொண்டு ரகசிய எண் கேட்குமாம். அந்த எண்ணை எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. எண்ணைத் தொலைத்தவன் அவன், காவல் இருப்பவள் இவள்.

ஞாயிறு காலை எங்கோ வெளியே போகிறவள் போல நன்றாக உடுத்திக்கொண்டு வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்காருவாள். சாவியைத் திருகுவாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருப்பாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் சத்தம் போடுகிற ஆள் என்று பார்த்தால் ஃபிரிட்ஜ் ஒன்றுதான். எஞ்சின் அதைவிடக் கொஞ்சம் கலகலப்பானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருகியபோது 'டக் டக்' என்று மட்டும் கேட்டது. தெரு மூலையில் இருந்த பேட்டரிக் கடைக்கு ஓடினாள். அங்கிருந்து பேட்டரிக்காரர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பானட்டைத் தூக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"அஞ்சு நிமிஷம் ஓடவிட்டா என்னம்மா ஆகும்? ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரி கொடுத்த கரன்ட்டே திரும்பி வராது. அரை மணி நேரமாவது ரோட்டுல ஓடணும். உங்க பையன் சொன்னபடி செஞ்சு செஞ்சே அதைக் காலி பண்ணிட்டீங்க" என்று சிரித்தார். "கழட்டிக் கடைக்கு எடுத்துட்டுப் போயிடவா?"

"கழட்டக் கூடாது தம்பி. பையன் சொல்லியிருக்கான்."

"அப்ப வண்டியில இருக்கும்போதே ஏத்தணும். மெதுவாத்தான் ஏறும், சாயங்காலம் ஆயிடும். போட்டுட்டு நான் போகவும் முடியாது."

ஏன் முடியாது என்பதற்கு ஒரு கதை வைத்திருந்தார். முன்னொரு வீட்டில் சார்ஜரை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனாராம். அந்த வீட்டு மாப்பிள்ளை அவசரமாக வண்டியை எடுக்கிறேன் பேர்வழி என்று, ஓடுகிற சார்ஜரின் கவ்வியைப் பிடுங்கியிருக்கிறார். பொறி பறந்து, பேட்டரி வெடித்து, மாப்பிள்ளையின் மீசையில் பாதி போய்விட்டது. "நல்ல வேளை, கண்ணு தப்பிச்சுது. அன்னையிலேர்ந்து சார்ஜர் ஓடுற இடத்தை விட்டு நான் நகர்றதே இல்ல."

சாவியை எடுத்துத் தனியே வைத்தார். காற்று வர கொட்டகைக் கதவுகளை விரியத் திறந்தார். வெந்நீரும் சமையல் சோடாவும் ஒரு பழைய பிரஷும் வாங்கி, பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைத் தேய்த்துத் துடைத்தார். சிவப்புக் கவ்வியை பிளஸ் முனையில் மாட்டினார். கறுப்பை பேட்டரியில் மாட்டாமல், தள்ளி எஞ்சினின் ஒரு இரும்பில் கவ்வவிட்டார். அதற்குப் பிறகுதான் சுவிட்சைத் தட்டினார். தட்டிவிட்டு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். வாய் ஓயவில்லை. முட்டி வலியைப் பற்றிப் பேசினார். கடன் வாங்கிக் கோழிப் பண்ணை வைத்துவிட்டு, கோழியைக் கண்டாலே பயப்படுகிற மச்சானைப் பற்றிப் பேசினார். நடுவில், "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். அதை யாரும் அவளிடம் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டிருந்தது. அவள் அவசரமாக உள்ளே போய்ச் சமைத்தாள். அன்று அந்த வீட்டில் இரண்டு தட்டு கழுவ வேண்டியிருந்தது.

அவர் போன பிறகு நாற்காலியை உள்ளே எடுத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்று வாரம் பொறுத்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை கார்க் கதவைத் திறந்து, கூரையில் இருக்கும் சின்ன விளக்கைப் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் மூடினாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வயிற்று வலி என்று சொல்லும் பிள்ளைக்கு இருக்குமே, அந்தப் படபடப்பு. நாலு நாள் கழித்து எஞ்சின் 'டக்' என்றுகூடச் சொல்லவில்லை. பேட்டரிக்காரர் வந்தார், உட்கார்ந்தார், மச்சான் கோழிகளை விற்றுவிட்டு மீன் தொட்டி வாங்கிய கதையைச் சொன்னார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மூன்றாவது தடவை, சார்ஜரைப் போட்டதும் காருக்குள் விளக்கு எரிந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"லைட் ஆன்லயே இருக்கேம்மா?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "வயசாச்சு இல்ல தம்பி, மறந்துடறேன்."

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். எந்த வார்டிலிருந்து எந்தத் தலையணை உறை திரும்பவில்லை என்று பார்க்காமலே சொல்லக்கூடியவள். அப்படிப்பட்டவள் தன் ஞாபகத்தைத் தானே குறை சொல்லிக்கொண்டாள். அதுகூட அவளுக்கு வலிக்கவில்லை. அவர் பானட்டை மூடிக்கொண்டே, "இப்படி அடிக்கடி சுத்தமா இறங்கினா பேட்டரி தாங்காதும்மா. அப்புறம் ஏத்தினாலும் ஏறாது" என்று சொன்னதுதான் வலித்தது. பேட்டரி செத்தால் புதியது வரும். புதியது வந்தால் அவர் எதற்கு வரப்போகிறார்?

பேட்டரிக்காரர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் இருக்கிற சிக்கல், சும்மா இருக்க மாட்டார்கள். அவள் மகனின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்து, அம்மா பாவம், ஒவ்வொரு தடவையும் அலைகிறார்கள் என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க பையனும் நானும் பேசி முடிச்சிட்டோம்மா! இனிமே உங்களுக்குத் தொல்லையே இல்ல."

உள்ளங்கை அளவு சார்ஜர். அதன் வயர்களை பேட்டரி முனைகளில் நிரந்தரமாக முடுக்கினார். டப்பாவைக் கொட்டகைச் சுவரில் அடித்து, ப்ளக்கை மாட்டினார். வீட்டு இன்டர்நெட்டோடு அதைக் கோத்துவிட்டு மகனிடம் போனில் ஏதோ சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

"குறைஞ்சா தானே ஏத்திக்கும், நிறைஞ்சா தானே நிறுத்திக்கும். வருஷக்கணக்கா அப்படியே விட்டுடலாம். பக்கத்துல யாரும் இருக்க வேண்டியதில்ல."

"அப்ப நீங்க வர மாட்டீங்களா?"

"எனக்கு இங்க என்னம்மா வேலை?" என்று சிரித்தார்.

டீ போட்டுக் கொடுத்தாள். நின்றபடியே குடித்தார். 'வேலை இல்லாவிட்டால் என்ன, சும்மா வாங்களேன் தம்பி' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. குடும்பஸ்தர், ஓடி ஓடி உழைக்கிறவர், அவரிடம் எந்த முகத்தோடு அதைக் கேட்பது? டம்ளரை வாங்கிக்கொண்டாள். அவர் போய்விட்டார்.

பச்சை விளக்கு இரவு பகலாக எரிந்தது. வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்குத்தான் இரண்டு நாள், மூன்று நாள் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, தபால்காரரிடம் பேச வாயைத் திறந்தால் குரல் கட்டிக்கொண்டது.

அப்புறம் ஒரு நாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் இடுப்பு எழும்ப மறுத்தது. ஈரத் தரையில் கன்னத்தை வைத்தபடி கிடந்தாள். இன்று யார் வருவார் என்று யோசித்துப் பார்த்தாள். யாரும் வர மாட்டார்கள். நாளை? நாளையும் இல்லை. முதல் முறையாகத் தன் வீட்டில் அவளுக்குப் பயம் வந்தது. மத்தியான வெயில் ஜன்னலுக்கு ஏறிய பிறகுதான் வாளியைப் பிடித்து, சுவரைப் பிடித்து எழுந்தாள்.

வலி குறைய ஒரு வாரம் ஆயிற்று. வாசல் தாண்டி நடக்க முடிந்த முதல் நாள் மத்தியானம், சுவரைப் பிடித்துக்கொண்டே கொட்டகைக்குப் போனாள். வேறு எதையும் யோசிக்கவில்லை. யாராவது வர வேண்டும், அவ்வளவுதான். ப்ளக்கைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. காருக்குள் விளக்கைப் போடப் போனவளை, வீட்டுக்குள் அடிக்கிற போன் நிறுத்தியது.

மகன். அவன் போன் செய்வது மாதத்துக்கு ஒரு தடவை. இந்த மாதம் ஏற்கெனவே செய்துவிட்டான், அவள் விழுந்த இரண்டாம் நாள். அவன் ஊரில் இப்போது நடுச்சாமம்.

"என்னடா கண்ணு, உடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அந்த சார்ஜர் ஆஃப் ஆயிடுச்சா? போன்ல அலாரம் அடிச்சுது, தூக்கத்துல எழுந்து உட்கார்ந்துட்டேன். கரன்ட் இல்லையா?"

"கரன்ட் இருக்கு."

"அப்ப ப்ளக் கழண்டிருக்கும். கொஞ்சம் போய்ப் பாரும்மா."

அவள் போனோடு மெதுவாகக் கொட்டகைக்குத் திரும்பினாள். ப்ளக் தரையில் கிடந்தது. அதைக் குனிந்து எடுக்கும்போது இடுப்பில் சுரீர் என்றது. வலியில் முனகிவிட்டாள்.

"மாட்டிட்டியாம்மா? இங்க இன்னும் சிவப்புலதான் காட்டுது."

"ஏன்டா," என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இது நின்னா உடனே உனக்குத் தெரிஞ்சிடுமா?"

"ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்மா. அதுக்குத்தானே இதை வாங்கினேன்."

"நான் போன வாரம் குளிக்கப் போனப்ப விழுந்துட்டேன். மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்க முடியல. தரையிலேயே கெடந்தேன்."



"அம்மா," என்றான். "போன வாரம் நான் பேசினேனேம்மா. ஏம்மா சொல்லல?"

"நீ வண்டி எப்படி இருக்குன்னு கேட்டே. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு."

அவன் போனை வைக்கவில்லை. அவளும் ப்ளக்கை மாட்டவில்லை.