இன்னொரு தடவை சொல்லு

சலவைக்கூடத்தில் அவனை டைரக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்குக் கொடுத்த பட்டம் இல்லை. துவைத்த துணியை உலர்த்தும் எந்திரத்தில் போடுவதும் எடுப்பதும் அவன் வேலை. அதற்கு நடுவே கைபேசியைத் துணி வண்டியில் சாய்த்து வைத்துக்கொண்டு சிரிப்பு வீடியோ எடுப்பான். பார்க்கிறவர்கள் சொற்பம், சிரிக்கிறவர்கள் அதிலும் சொற்பம். கேட்டால் ஜனங்களுக்கு ரசனை இல்லை என்பான், நெட் மந்தம் என்பான். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல்.

இவனைப் போய் மடிப்பு மேசைக்காரி விரும்பித் தொலைத்தாள். ஓட்டல் படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. அவனும் அவளும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நடந்து வந்து நடுவில் சேரவேண்டும். சேரும் இடத்தில் விரல் படும். விரல் பட்டதெல்லாம் காதலா என்று தன்னையே திட்டிக்கொள்வாள். மனசு கேட்டால்தானே!

வேறு ஊரில் தையல் கம்பெனியில் இருந்த அக்கா, அவளுக்கும் அங்கேயே வேலை பேசி வைத்திருந்தாள். காலையிலேயே போன் போட்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லுடி, வரியா இல்லையா? அங்க என்ன புதையலா காத்துக்கிட்டு இருக்க?"

புதையல்தான், போ! இன்றைக்கு அவன் வாய் திறந்து கேட்டால் இருந்துவிடுவது, இல்லாவிட்டால் மூட்டை கட்டுவது என்று முடிவு செய்துகொண்டு வேலைக்குப் போனாள்.

கேட்டுவிட்டான். விரிப்போடு நடந்து வந்தவன், விரல் பட்ட இடத்தில் அப்படியே நின்றான்.

"நான் கடைசி வரைக்கும் உன்கூடவே இருக்கணும்னு நினைக்கிறேன். நீ என்ன சொல்ற?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கும் அதான். இதைக் கேக்க இவ்வளவு நாளா உனக்கு?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் பார்த்தான்.

"அக்கா, வந்துச்சா?"

திரும்பினாள். துணி வண்டிக்குப் பின்னால் இஸ்திரிக்கார அக்கா அவன் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூஞ்சி வந்துச்சு. பேச்சு எங்கடா வந்துச்சு? மெஷின் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல."

டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு ஓடிப்போய் எந்திரத்தை நிறுத்தினான். முடியைக் கோதிக்கொண்டு திரும்பி வந்தான்.

"இன்னொரு தடவை சொல்லு. கண்ணு கலங்குச்சே, அது அப்படியே வரணும். ஆனா உடனே கலங்காதே, கொஞ்சம் கேப் விடு. 'எனக்கும் அதான்' சப்புனு இருக்கு. வேற ஏதாவது சொல்லேன்."

"நீ என்கிட்ட கேட்டியா, வீடியோவுக்குக் கேட்டியா?"

"ரெண்டுக்கும்தான். நிஜமா இருந்தாத்தானே ஓடும்?"

பெருமையாகத்தான் சொன்னான். இஸ்திரிக்கார அக்காவுக்கே தாங்கவில்லை. "டேய், சரின்னு சொல்லிட்டால்ல? போதும்டா."

"நீங்க பிடிங்கக்கா. லைட் போயிடும்."

மறுபடியும் முனையைப் பிடித்து, மறுபடியும் நடந்து வந்து, அதே குரலில் அதையே கேட்டான். அவள் கேப் விட்டாள். அவன் கேட்டதைவிடக் கூடுதலாகவே விட்டாள்.

"எனக்கு வேணாம்" என்றாள்.

தன் கையிலிருந்த முனைகளை விட்டாள். வெள்ளை விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது. அங்கேயே நின்று தையல் கம்பெனி அக்காவுக்குப் போன் போட்டு, "வரேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

"ஏய், சும்மா விளையாடாதே" என்றான் டைரக்டர். அவள் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் வாசலையே பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்:

"அக்கா, இது வந்துச்சா?"

"ஒரு எழுத்து விடாம வந்துச்சுடா, பாவி."

அன்று சாயங்காலமே போட்டுவிட்டான். அதற்கு முன்னால் போட்ட எதுவும் அப்படி ஓடியதில்லை. முகம் தெரியாத பயல்களெல்லாம் வரிசையில் வந்து, பொண்ணுங்களே இப்படித்தான் என்று அவளைத் திட்டித் தீர்த்தார்கள். அவன் ஒருவரையும் விடாமல் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.