முந்நூற்று இரண்டாம் கோப்பு

நூற்றுப் பதினேழாம் எண் கோப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு வீங்கத் தொடங்கியது. உள்ளே இருந்தவை நாலே நாலு தாள்கள். மாலைக்குள் தலையணை கனத்துக்கு வந்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் அந்தக் கோப்புக்குரிய கர்ப்பிணிக்கு ரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வந்தது. தாயைக் காப்பாற்ற முடிந்தது, பிள்ளையை முடியவில்லை. கர்ப்பகால ரத்தக்கொதிப்பை ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டரம்மா இதற்கெல்லாம் வாய் பிளக்கிற ஆள் இல்லை. தையல்காரரிடம் ஒரு டேப் வாங்கி வந்து, மறுநாளிலிருந்து அலமாரியில் இருந்த அத்தனை கோப்புகளின் இடுப்பையும் தினமும் அளக்க ஆரம்பித்தார். அந்த மாதமே இன்னும் மூன்று வீங்கின. மூன்று பெண்களுக்கும் கொதிப்பு ஏறியது. ஈரக்கசிவு என்றார் துறைத்தலைவர். "ஈரம்னா எல்லாமே ஊதணுமே சார். கொதிப்பு வரப்போறவங்களோடது மட்டும் எப்படி ஊதும்?" என்று கேட்டுவிட்டு டாக்டரம்மா டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாலு வருஷம், எந்தக் கோப்பு வீங்கினாலும் நர்ஸ் போன் போட்டு அந்தப் பெண்ணை அன்றே வரவழைத்தார். ஓர் உயிர்கூடப் போகவில்லை. டாக்டரம்மாவுக்கு எண் மட்டும்தான் தெரியும். எந்த எண் யாருடையது என்ற நோட்டு நர்ஸின் பீரோவில் பூட்டிக் கிடக்கும். ஆள் தெரிந்தால் மனசு சாயும், மனசு சாய்ந்தால் அளவும் சாயும் என்பது டாக்டரம்மா போட்ட விதி. சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்பதும் அவர் போட்டதுதான். அதனால் கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் அவர் தங்கை வந்து "என்னையும் சேர்த்துக்கோக்கா" என்றபோது, "வேற டாக்டர்கிட்டப் போடீ, நல்லாப் பார்ப்பாங்க. இங்க மட்டும் கிடையாது" என்று கறாராகச் சொல்லி அனுப்பினார். தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனாள். வெளியே நர்ஸ் இருந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை முந்நூற்று இரண்டு வீங்கியது. அப்படியொரு வீக்கத்தை யாரும் பார்த்ததில்லை. ஒன்பது மணிக்கு ஒரு சாண், பத்து மணிக்கு அது இருந்த அலமாரி இழுப்பறையே திறக்க மறுத்தது. உடனே வரச்சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. நர்ஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"போன் எடுக்க மாட்டேங்கறாங்க மேடம். நீங்க நேர்ல போனாத்தான் சரி."

"நானா? அது யாருன்னே எனக்குத் தெரியக் கூடாதே!"

"உங்க தங்கச்சி மேடம்."

கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற பிள்ளைத்தாய்ச்சியைத் திருப்பி அனுப்ப மனசு வராமல், அக்காவுக்குத் தெரியாமல் நர்ஸ்தான் நோட்டில் எழுதிக்கொண்டாராம். டாக்டரம்மா திட்டத்தான் வாயெடுத்தார், கார் சாவி கைக்கு அகப்படும் வரைதான் அந்தக் கோபம் நின்றது. தங்கை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "லேசாத் தலைவலிக்கா, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது, அவ்வளவுதான். நீ எதுக்கு இப்படி ஓடி வர்ற?" என்றாள். ரத்த அழுத்தம் நூற்றெண்பதில் நின்றது. அன்று மதியமே அறுவை செய்து பெண்குழந்தையை எடுத்தார்கள். ஒரு கிலோ அறுநூறு கிராம், ஆனால் குரல் மூன்று கிலோ. அதைக் கேட்டதும் டாக்டரம்மா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவிலேயே வாய்விட்டு அழுதார். அங்கே கோப்பு அலமாரியில் அந்த இழுப்பறை தானாகத் திறந்துகொண்டது.

ஆய்வுக் கட்டுரை வெளியானபோது, விதி மீறிச் சேர்ந்த ஒரு கோப்பு நீக்கப்பட்டது என்று அடிக்குறிப்பில் ஒரு வரி இருந்தது. நர்ஸுக்கு மனசு ஆறவில்லை. "உயிரக் காப்பாத்தின கோப்பு மேடம்" என்றார். "அதனாலதான் என் மேஜை மேலேயே வச்சிருக்கேன். கட்டுரையில அதுக்கு இடமில்ல" என்றார் டாக்டரம்மா. பிறகு பிள்ளைகளின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் வேலை ஆரம்பமானது. கோப்புகளும் பிள்ளைகளோடு சேர்ந்து வளர ஆரம்பித்தன. வீக்கம் வேறு, வளர்த்தி வேறு. டேப் இரண்டுக்கும் உதவியது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கோப்பு சுடும். நர்ஸ் ஈரத்துணி போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் பண்ணுவார். ஏழாவது வருஷம் அலமாரி கொள்ளாமல் தச்சரைக் கூப்பிட்டார்கள். எவ்வளவு உயரம் வைக்கட்டும் என்று அவர் கேட்டார். அளவெடுக்க வந்திருந்த தங்கை மகள், மேஜையிலிருந்து இறக்கி நிறுத்திய தன் கோப்போடு முதுகு ஒட்டி, குதிகாலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தாள். டாக்டரம்மா அவள் தலையை அழுத்திக் குதிகாலைத் தரையில் வைக்கச் செய்தார்.

"ஆறடியா வைங்க. இவ அப்பா நல்ல உயரம்."

தச்சர் பலகையில் ஆறு என்று பென்சிலால் குறித்துக்கொண்டார்.