மகள் வரும் நாளில் மட்டும் குளியல்

எங்கள் முதியோர் இல்லத்தில் யாராவது பார்க்க வந்தால்தான் குளியல். மற்ற நாளெல்லாம் ஈர டயப்பரோடு கிடக்க வேண்டியதுதான். இந்தத் தடவை அந்த நாற்றத்தோடே உட்கார்ந்திருந்தால், மகளே கையோடு வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

காலையில் ஆயா வாளியோடு வந்தாள்.

"எழுந்திரு பெருசு, மாப்பிள்ளை மாதிரி ஆக்கிடறேன்."

"வேண்டாம், போ."

"சரி, உன் பொண்ணு மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கட்டும்."

அவள் அப்படி நிற்பதை நினைத்துப் பார்த்தேன். சட்டையைக் கழற்றினேன்.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க சரியில்லம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்கப்பா. சோப்பு வாசனை கமகமன்னு வருது. வீட்ல என்னால இப்படிப் பார்த்துக்க முடியுமா?"

டயப்பர் சங்கதியைப் பெற்ற மகளிடம் எந்த வாயால் சொல்வது?

"முடியாதுதான்" என்றேன்.